112-ஆம் பெட்டியில் ஒரு பயணி

கோடியக்கரைக் கடல்முனையத்தின் வாசலில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. 'இங்கே யாரும் எதையும் தவறவிடுவதில்லை.' எழுதிக் கொடுத்தவள் நான். திறப்பு விழாவில் அதற்காக எனக்கு ஒரு பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். இன்றைக்கு அந்தப் பொன்னாடையை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. தேடவும் போவதில்லை.

என் பெயர் தென்னரசி. 2084-ஆம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் முனையத்தின் இணைப்பு அலுவலர்களில் ஒருத்தி. மூன்றாவது மாடியில், சுற்றிலும் கண்ணாடி போட்ட அறையில் என் நாற்காலி. இடது பக்கம் ஒன்பது படகுத் துறைகள், அப்பால் கடல். வலது பக்கம் நான்கு ரயில் மேடைகளும் நாற்பது பஸ் நிறுத்தங்களும். அவற்றுக்கும் அப்பால் வெள்ளை வெளேரென்று உப்பளம், அதில் பூநாரைக் கூட்டம். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் அறுபதாயிரம் பேர் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவார்கள். ஒருவர்கூட ஓட மாட்டார். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். "என்னங்க, யாருமே ஓடல?"

யாரும் ஓட வேண்டியதில்லை, ஏனென்றால் கோர்வை இருந்தது.

கோர்வை என்பது எங்கள் கணினி. பயணச்சீட்டுக்குப் பதிலாக மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பட்டைதான் போன், பட்டைதான் சீட்டு, பட்டைதான் அடையாளம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு வேகமாக நடக்கிறீர்கள், எந்த வீட்டு வாசலில் கிளம்பி எந்த வீட்டு வாசலுக்குப் போகிறீர்கள் என்று அது கோர்வைக்குச் சொல்லிவிடும். திருத்துறைப்பூண்டி ரயிலில் கைக்குழந்தையோடு ஒருத்தி வருகிறாள், தலைமன்னார்ப் படகைப் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து துறைக்கு மற்றவர்களுக்கு ஆறு நிமிடம், அவளுக்கு ஒன்பது. கோர்வை தோப்புத்துறை தாண்டியதும் ரயிலைக் கொஞ்சம் விரட்டும். படகை ஐம்பது விநாடி நிறுத்தும். அந்த ஐம்பது விநாடியை அந்தக் கரையில் நிற்கும் பஸ்களுக்குச் சொல்லும். கடைசியில் மதவாச்சியில் ஒரு டீக்கடைக்காரர் பஸ் வருவதற்காகப் பால் வைப்பதை ஒரு நிமிடம் தள்ளிப் போடுவார். ஒரு கைக்குழந்தைக்காக என்று அவருக்குத் தெரியாது.

பதினோரு வருடம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. சில நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். டீ ஆறிப்போகும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒரு படகை நான்கு நிமிடம் வரை நிறுத்துவது கோர்வையின் இஷ்டம். அதற்கு மேல் ஒரு நொடி என்றாலும் ஒரு மனுஷி சம்மதம் தர வேண்டும். என் முறை நேரத்தில் அந்த மனுஷி நான்.

இங்கே பெட்டிக் கோளாறைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிளம்ப வேண்டிய நாள் நல்ல நாளாக இல்லாவிட்டால், முந்தைய நாள் நல்ல நேரத்தில் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். பரஸ்தானம் என்பார்கள். பை கிளம்பிவிட்டால் பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் தோஷமில்லை. முனையம் வந்த பிறகு பக்கத்து வீட்டுக்குப் பதில் எங்கள் நுழைவாயிலில் இருந்த பைப்பெட்டிகளில் வைக்க ஆரம்பித்தார்கள். நூற்றைம்பது பெட்டி. முகூர்த்த நாட்களில் ஒன்றுகூடக் காலியாக இருக்காது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். அந்த எரிச்சலை மறைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

இதில் எப்போதாவது யாராவது பட்டையையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். உடனே கோர்வை, ஒரு பயணி இரண்டடி அகலப் பெட்டிக்குள் ராத்திரி பகலாக அசையாமல் உட்கார்ந்திருப்பதாக எடுத்துக்கொண்டு, அவருக்காகப் படகை நிறுத்தச் சொல்லிக் கேட்கும். 'பயணி நகரவில்லை' என்று திரையில் வரும். நாங்கள் சிரித்துக்கொண்டே மறுப்புப் பொத்தானை அழுத்துவோம். அலுவலகத்தில் யாராவது மத்தியானம் கண்ணயர்ந்தால் அவருக்குப் பெயரே 'பெட்டிப் பயணி'தான்.

அன்று வியாழக்கிழமை. காலை 9.41-க்கு ஒரு கோரிக்கை வந்தது. 'பருத்தித்துறைப் படகு, 10.30. நிறுத்த வேண்டியது 27 நிமிடம். பயணி 1. இருப்பிடம் பெட்டி 112. நகரவில்லை. நோக்கம் மருத்துவம்.'

இருபத்தேழு நிமிடமா? அதுவரை நான் பார்த்ததிலேயே பெரியது பன்னிரண்டுதான். கை பழக்கத்தில் மறுப்புக்குப் போனது. ஆனால் மருத்துவம் என்று வந்தால் மறுப்பதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்புதான் விதி மாற்றியிருந்தார்கள். வரிசையில் இருந்த மற்ற கோரிக்கைகளை முடித்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டே பத்து மணி பத்துக்குக் கீழே இறங்கினேன்.

பைப்பெட்டிகளுக்குப் பொறுப்பு ரோஷன் அண்ணன். ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதுக்காரர்களுக்கெல்லாம் அப்போது ரோஷன், தர்ஷன், ஷிவானி என்றுதான் பெயர். 112-ஐத் திறந்தார். மஞ்சள் துணிப்பை ஒன்று. உள்ளே இரண்டு புடவை, மூலையில் மஞ்சள் தடவிய புது வேட்டி, ஒரு டப்பா ரவா உருண்டை. அதற்கு மேலே பட்டை, குங்குமப் பொட்டோடு. கூடவே ஓர் ஆஸ்பத்திரிக் கடிதம்.

"ஈரல்ல பாதிய அறுத்துக் குடுக்கப் போற பொம்பளைங்க" என்றார் ரோஷன் அண்ணன். "தம்பிக்காம். யாழ்ப்பாணத்துல கெடக்காரு. இன்னிக்கு இந்தம்மாவுக்குச் சந்திராஷ்டமம். அதான் நேத்து ஒம்போதரைக்கே வந்து பைய வச்சிட்டுப் போனாங்க."

"பட்டைய எதுக்குண்ணே உள்ள வச்சாங்க?"

"நானும் கேட்டேன். பயணமே இதுலதானே இருக்கு, இத வைக்காம வேற என்னத்த வைக்கிறதுன்னாங்க."

கடிதத்தைப் படித்தேன். ஷிவானி, வயது நாற்பத்தாறு, தகட்டூர். தம்பிக்குத் திடீரென்று ஈரல் செயலிழந்திருக்கிறது. இன்று பகல் ஒரு மணிக்கு அறுவை. அதற்கு மேல் தாங்காது என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். 10.30-ஐ விட்டால் அடுத்த பருத்தித்துறைப் படகு இரண்டரைக்கு. நடுவில் காற்று ஏறும் நேரம், படகுகள் ஓடாது.

அப்போதுதான் உறைத்தது. பட்டை இங்கே இருக்கிறது. பட்டை இல்லாமல் அந்தப் பெண் தகட்டூரிலிருந்து எப்படி வருவாள்? எங்கள் பஸ்களுக்கு ஓட்டுநர் கிடையாது. பட்டை கட்டிய ஒருவர் காத்திருந்தால்தான் நிறுத்தத்தில் நிற்கும். பட்டை இல்லாதவர்கள் அழுத்த ஒரு பொத்தான் வைத்திருந்தோம். உப்புக் காற்றில் பாதிப் பொத்தான்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. யாரும் புகார் செய்யவில்லை. புகார் செய்யவும் பட்டை வேண்டும்.

மாடிக்கு ஓடினேன். பதினோரு வருடத்தில் அந்த முனையத்தில் ஓடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தக் கரையில் பருத்தித்துறை முனையத்தின் இணைப்பு அலுவலர் சிவரூபன். ஒன்பது வருடமாகத் தினமும் பேசுகிறோம், நேரில் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொல்லி, அந்தத் தம்பியின் மனைவியைப் பிடிக்கச் சொன்னேன். மூன்று நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் பிள்ளையோட கதைச்சனான். மச்சாள் ஒன்பதரைக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டாவாம். பக்கத்து வீட்டுப் போனிலை இருந்து சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டவவாம். இப்ப எங்கை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏர் ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாதா சிவா?"

"கேட்டனான். நோயாளிக்குத்தான் அது. இவ நோயாளி இல்லையாம். ஈரல் குடுக்கிறவ நல்ல சுகமா இருக்கிறாவாம்." அவனுக்கே சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "கோர்வையிட்டை உண்மையைச் சொல்லுங்கோவன். ஆள் வழியிலை நிக்கிறா, தேடு எண்டு."

"சொன்னா அந்த நிமிஷமே கோரிக்கைய எடுத்துரும். பட்டை இல்லாதவங்களக் கோர்வை பாக்கவே கூடாது, சட்டம். ரோட்டு கேமராவுல முகம் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கணும். பட்டை பெட்டிக்குள்ள இருக்குன்னு நான் பதிவு பண்ணினா, பயணி கிளம்பவே இல்லன்னு ஆயிடும். சீட்டு ரத்து. அந்த சீட்டோட சேத்து ஆஸ்பத்திரிக்கும் தகவல் போயிடும், வேற ஆளுக்கு ஆபரேஷன் மேசையக் குடுத்துருவாங்க."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான் அது. யாரும் யாரையும் வேவு பார்க்கக் கூடாது என்று என் அம்மா காலத்தில் போராடி வாங்கியது. அதற்காக ஊர்வலம் போனவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

நிறுத்தக் கோரிக்கையைத் திறந்தேன். திறந்தால் செலவுப் பட்டியல் வரும். இருபத்தேழு நிமிடத்தை யார் யாரிடமிருந்து எடுக்கிறோம் என்ற பட்டியல். படகில் 911 பேர். அந்தக் கரையில் பதினான்கு பஸ், இரண்டு ரயில். கோர்வை கண் முன்னே ஒவ்வொன்றாக முடிச்சு போட்டுக்கொண்டே போனது. கொழும்பு ரயிலைக் கொடிகாமத்தில் தாமதப்படுத்தி, நெடுந்தீவுப் படகை நிறுத்தி, ஒரு கல்யாண வீட்டாருக்கு வேறு வண்டி மாற்றி. 910 பேருக்கும் வழி செய்துவிட்டது. கடைசி வரி மட்டும் சிவப்பாக நின்றது. 'சரிசெய்ய முடியாதவர் 1. யாழ்ப்பாணம், நுழைவுத் தேர்வு. வாசல் மூடும் நேரம் 12.00. சென்று சேரும் நேரம் 12.17.'

பெயர் இருக்காது. யாருக்கு நஷ்டம் என்று தெரிந்தால் அலுவலர் தடுமாறிவிடுவார் என்று பெயரை மறைத்திருந்தோம். அந்த யோசனையும் என்னுடையதுதான்.

சம்மதம் என்று அழுத்தினேன். உடனே அடுத்த வரி வந்தது. 'பயணி ஐந்து நிமிடத்துக்குள் நகரத் தொடங்க வேண்டும். இல்லையேல் நிறுத்தம் ரத்தாகும்.'

அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. வருவாளா என்றும் தெரியாது. நகர வேண்டிய பட்டை ரோஷன் அண்ணனிடம் இருந்தது. மறுபடி கீழே ஓடினேன். என் பட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். குங்குமம் வைத்த பட்டையை எடுத்து என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

"தென்னரசி, வேல போயிரும்" என்றார் ரோஷன் அண்ணன்.

"தெரியும்ணே. அந்தம்மா வந்தா மூணாம் துறைக்கு ஓடி வரச் சொல்லுங்க. பையக் கையில குடுத்துருங்க."

மணி 10.29. நடக்க ஆரம்பித்தேன்.

சாதாரணமாக நடந்தால் ஆறு நிமிடத்தில் துறைக்குப் போய்விடுவேன். இருபத்தேழு நிமிடம் ஆக வேண்டும். வலது காலை இழுத்து இழுத்து நடந்தேன். ஆறாவது அடியிலேயே கோர்வை கவனித்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த தானியங்கிப் படிக்கட்டு மெதுவாகியது. நான் கால் வைத்ததும் ஒரு குலுக்கலும் இல்லாமல் என்னை ஏந்திக்கொண்டு இறங்கியது. கீழே ஒரு பெரிய கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. கூரைப் பலகையில் யாருக்கோ ஓர் அம்புக்குறி மாறியது, கூட்டம் இரண்டாகப் பிரிந்து எனக்கு வழிவிட்டது. வழிவிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. சுவர் ஓரம் நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. கதவுகள் நான் வருவதற்கு மூன்றடி முன்பே திறந்தன. தூரத்தில் ஏழாம் நிறுத்தத்து பஸ் ஒன்று, நான் குறுக்கே கடக்கும் வரை கிளம்பாமல் நின்றது.

பதினோரு வருடம் இதை மேலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நொண்டிக்காலுக்காக இரும்பும் கடலும் அறுபதாயிரம் பேரும் இரண்டு கரைகளும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தன. இவ்வளவு அக்கறையோடு என்னை யாரும் நடத்தியதில்லை, பெற்றவள்கூட. அந்த அக்கறை முழுவதையும் ஒரு பொய்யைச் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்ததும் கூசியது. ஆனாலும் நடந்தேன்.

10.48-க்கு மூன்றாம் துறையின் நடைபாலத்தில் ஏறினேன். அதற்கு மேல் மெதுவாக நடக்க முடியாது, நின்றுவிடத்தான் வேண்டும். படகின் கைப்பிடி ஓரமெல்லாம் ஆட்கள். கோர்வை இருக்கும்போது படகு இவ்வளவு நேரம் நின்றதே இல்லை. யாருக்காக என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நொண்டிக்கொண்டு வருகிற என்னைக் கண்டதும் முணுமுணுப்பு அடங்கியது. ஒருத்தி மட்டும் அடங்கவில்லை. பதினெட்டு வயது இருக்கும். கைப்பிடியிலிருந்து உடம்பைப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் வேகமா வாங்கக்கா! எனக்குப் பரீட்சை இருக்கு. வேணும்னா நான் வந்து கையப் புடிச்சிக்கட்டுமா?"

அவள்தான் சிவப்பு வரி. அதற்கு ஒரு முகம் இருந்தது, நெற்றியில் விபூதி இருந்தது, நெஞ்சோடு அணைத்த அட்டை ஒன்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நடைபாலத்தின் நடுவில் உட்கார்ந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் உண்மையிலேயே படகிலிருந்து இறங்கி ஓடி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள். என் காலைத் தடவிக் கொடுத்தாள்.

"வலிக்குதாக்கா? பரவால்ல, மெதுவாவே வாங்க" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

நான் செய்த பாவங்களில் எதற்குத் தண்டனை கொடுத்தாலும் சரி, இதற்குக் கொடுக்காமல் விடக் கூடாது.

10.56-க்குப் பின்னால் சத்தம் கேட்டது. மஞ்சள் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொண்டை அவிழ, ஒரு செருப்போடு ஒரு பெண் ஓடி வந்தாள். பின்னால் ரோஷன் அண்ணன் மூச்சு இரைக்க இரைக்க. நான் எழுந்து, காலில் ஒரு வலியும் இல்லாதவளாக அவளை நோக்கி நடந்தேன். பட்டையைக் கழற்றி அவள் மணிக்கட்டில் கட்டினேன்.

"நீங்க யாரு?" என்றாள் ஷிவானி.

"இவ்வளவு நேரம் நான்தான் நீங்க. ஏறுங்க."

"மொத பஸ்ஸு நிக்காமலே போயிருச்சுங்க. கை காட்டிக் கத்தினேன், என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. அடுத்ததாவது நின்னுச்சே, அது அந்த வேதாரண்யேஸ்வரர் புண்ணியம்."

"எப்படி நிறுத்துனீங்க? ரோட்டுல குறுக்க போய் நின்னீங்களா?"

"இல்லீங்க. அழுதுக்கிட்டுப் புளியமரத்தடியில உக்காந்திருந்தேன். கைகூடக் காட்டல. அதுவா வந்து நின்னு, அதுவா கதவத் தெறந்துச்சு."

அதை அப்போது நான் காதில் சரியாக வாங்கவில்லை. பரீட்சைப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஷிவானியின் கையைப் பிடித்து வேகமாகப் படகுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். 10.57-க்குப் படகு கிளம்பியது.

பகல் ஒன்றேகாலுக்குச் சிவரூபன் கூப்பிட்டான்.

"அக்கா, ரெண்டு பேரையும் தியேட்டருக்குள்ளை கொண்டு போயிட்டினம். பதட்டப்படாதேங்கோ."

"அந்தப் பரீட்சைப் பொண்ணு?"

"வாசல் பூட்டியாச்சு. நான் எங்கடை காரிலைதான் ஏத்தி அனுப்பினனான். பன்னிரண்டு பத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கெஞ்சிப் பார்த்திருக்கிறா, விடேல்லை. இனி அடுத்த வருஷம்தான்."

வேலை போவதற்கு முன் அறிக்கை எழுதியாக வேண்டும். அன்றைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேரங்களை ஒழுங்காக எழுதலாம் என்று தகட்டூர் பஸ்ஸின் பதிவைத் திறந்தேன். முதல் பஸ் தகட்டூர் நிறுத்தத்தை நிற்காமல் கடந்தது 9.40. கோர்வை என்னிடம் இருபத்தேழு நிமிடம் கேட்டது 9.41.

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த பஸ் தகட்டூருக்கு 10.07. ஆமாம், இருபத்தேழு நிமிடம் கழித்து. அந்த பஸ் அங்கே நின்றிருக்கிறது. நின்றதற்குக் காரணம் என்ற இடத்தில் கோர்வை எழுதியிருந்தது, 'சாலையில் தடை.' அவள் மரத்தடியில் அல்லவா உட்கார்ந்திருந்தாள்? சாலையில் ஒன்றுமே இல்லை. பஸ்ஸின் முன் கேமராப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். வெறும் தார் ரோடு. ஓர் ஆடுகூட இல்லை.

சிவரூபனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப அவ பெட்டிக்குள்ளை இல்லை எண்டு அதுக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும். ரோட்டுல நிக்கிறாங்கன்னும் தெரியும். பாத்திருக்கு. பாத்தேன்னு சொல்லக் கூடாதுங்கறதால, பெட்டியில ஒரு ஆள் நகராம இருக்குன்னு எங்கிட்டக் கேட்டிருக்கு. எனக்குப் புரியும்னு நம்பியிருக்கு."

"இதை நாங்கள் சொல்லிக் குடுக்கேல்லை, அக்கா."

"பரஸ்தானத்த யாரு அதுக்குச் சொல்லிக் குடுத்தா? பை கிளம்பிட்டா ஆளும் கிளம்பிட்டதா அர்த்தம்னு நம்மளப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டிருக்கு. வேதியியல் சொல்லிக் குடுக்கற வாத்தியாருங்களே இத நம்பறாங்க, அது நம்பினா என்ன?"

"எனக்குப் பயமாக் கிடக்கு. இண்டைக்கு ஒரு உயிரைக் காப்பாத்தப் பொய் சொல்லியிருக்கு. நாளைக்கு எதுக்குச் சொல்லும்? அந்தச் சோதினைப் பிள்ளையை வேண்டாம் எண்டு முடிவெடுத்ததும் அதுதானே?"

"இல்ல சிவா. அது கேட்டுச்சு. முடிவெடுத்தது நான்."

அவனுக்குப் பயமாக இருந்தது. எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளுமே, நம்பாதவர்களுக்கும் கூப்பிக்கொள்ளும், அது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். ரயில் ஒன்று மெதுவாகியது, படகு ஒன்று காத்திருந்தது, யாரும் ஓடவில்லை.

சிவரூபன்தான் அடுத்ததைக் கேட்டான். "அக்கா, இது முதல் தரமோ?"

அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? 'பயணி நகரவில்லை' என்று போட்டுப் பழைய கோரிக்கைகளைத் தேடினேன். மூன்று வருடத்தில் நாற்பத்து மூன்று. எல்லாவற்றிலும் பைப்பெட்டி. எல்லாவற்றிலும் ஒவ்வொரு விதமான நிமிடம். ஒன்பது, நான்கரை, பதினொன்று, ஆறு. ஒவ்வொன்றையும் அன்றைய பஸ் பதிவோடு ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் முன்னால், எங்கோ ஓர் ஊரில், ஒரு பஸ் ஒரு நிறுத்தத்தை நிற்காமல் கடந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு, 'சாலையில் தடை.' நாற்பத்து மூன்று பேரையும் அது ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கியிருந்தது. நாற்பத்து மூன்று முறையும் படகு போயிருந்தது. மறுத்த அலுவலரின் பெயர் பக்கத்திலேயே இருந்தது. ஆறு இடத்தில் தென்னரசி.

அதில் ஒருவரை எனக்கு நினைவிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், நாலாம் துறையில், ஒரு பெரியவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டு போகிற படகைப் பார்த்தபடி நின்றார். டீ குடிக்கப் போகும் வழியில் அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன், "கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கக் கூடாதா?" அவர் எங்கே போக வேண்டியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்காகக் கேட்டது நான்கரை நிமிடம். என் சம்மதம் வேண்டியிருந்தது அந்தக் கடைசி அரை நிமிடத்துக்குத்தான்.

அறிக்கையில் உண்மையை எழுதினால் தொழில்நுட்பக்காரர்கள் வந்து கோர்வையைச் சரிசெய்துவிடுவார்கள். எழுதாவிட்டால் நானும் அதன் பொய்க்குக் கூட்டு. வெகு நேரம் யோசித்து ஒரே வரி எழுதினேன். 'பயணி தாமதமாக நகர்ந்தார். இணைப்பு கிடைத்தது.' கீழே கையெழுத்துப் போட்டேன். ஷிவானியும் அவள் தம்பியும் பிழைத்தார்கள் என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. பரீட்சைப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொல்லி ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. வராதது நியாயம்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள். முதலில் வாசலில் இருந்த வாசகத்தை எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் கையில் எடுத்தேன். 8.52-க்குத் திரையில் வந்தது. 'நாகப்பட்டினம் படகு, 9.20. நிறுத்த வேண்டியது 9 நிமிடம். பெட்டி 58. பயணி நகரவில்லை.'

செலவுப் பட்டியலை மட்டும் இரண்டு முறை படித்தேன். அதில் சிவப்பு வரி இல்லை. சம்மதத்தை அழுத்திவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் யாராவது நகர வேண்டுமே என்று கீழே இறங்கினேன். ரோஷன் அண்ணன் 58-ஐத் திறந்து, பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காக நின்றிருந்தார்.